கொடைக்கானல் பாதரசக் கணக்கு

2001ஆம் வருஷம் மார்ச் மாதம் 7ந் தேதி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கின் முன்னே ஊர் ஜனங்கள் கூடினர். பழனிமலைப் பாதுகாப்புக்காக 1985 முதல் உழைத்துவரும் சங்கத்தாரும், கிரீன்பீஸ் ஸ்தாபனத்தாரும் அங்கே எடுத்துக் காட்டியது, குவித்துக் கிடந்த உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடியை. அதில் பாதரசம் கலந்திருந்தது. செயின்ட் மேரீஸ் ரோட்டிலிருந்த ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியாரின் தொழிற்சாலையிலிருந்து அது வந்தது. அந்த மாதத்திலேயே தொழிற்சாலையின் வேலை நின்றது. பிறகு அது திறக்கப்படவே இல்லை.

அந்தக் குவியலின் எடை எவ்வளவு? 7.4 டன் என்றனர் அதை வெளிப்படுத்தியவர்கள். தங்களுடைய நடைமுறைக்கு விரோதமாக 5.3 டன் கண்ணாடி விற்கப்பட்டுவிட்டது வாஸ்தவம், அதில் மிஞ்சியிருந்த பாதரசம் 0.15 சதவிகிதம் என்றனர் கம்பெனியார். அதாவது சுமார் எட்டுக் கிலோ. ஒரே குப்பைக்கு இரண்டு கணக்கு! இவற்றுள் எது மெய், அந்தக் குப்பைக்கு முன்னால் வெளியேறியது எவ்வளவு, காற்றில் போனது எவ்வளவு, மண்ணில் இறங்கியது எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, ஜனங்கள் எடுத்துப் படிக்கத்தக்க மூன்றாவது கணக்கு ஒன்று இந்த ராஜ்யத்தில் எந்தக் கச்சேரியிலும் இல்லை.

பழைய வழக்கை மறுபடி விசாரிப்பது நமது நோக்கமன்று. தொழிற்சாலைகளின் சுற்றுச்சூழல் கணக்கைத் தணிக்கை செய்யத் தனி ஆடிட்டர்களை ஏற்படுத்தும் விதிகளை மத்திய சர்க்கார் 2025 ஆகஸ்டு மாதத்தில் பிரசுரித்தனர். எதைக் கணக்கில் எழுதுவது, எவர் எழுதுவது, எவர் சரிபார்ப்பது என்ற கேள்விகள் இனி வெறும் குமாஸ்தா விவகாரங்களாக இரா. அவற்றின்மீதே சட்டம் நிற்கப்போகிறது. ஆனபடியால் கொடைக்கானலில் கணக்கு தவறிய கதையை நேயர்கள் ஒரு தரம் நினைவுக்குக் கொண்டுவருதல் நலமென்று கருதுகிறோம்.

அந்தத் தொழிற்சாலை இம்மலையில் முளைத்ததன்று. அமெரிக்காவில், நியூயார்க் ராஜ்யத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் செஸ்பரோ-பாண்ட்ஸ் கம்பெனியார் நடத்திவந்த தெர்மாமீட்டர் வேலை 1983 வாக்கில் கப்பலேறிக் கொடைக்கானல் வந்தது. 1987ல் பாண்ட்ஸ் கம்பெனியை யூனிலீவர் வாங்கிற்று. 1998ல் இந்தியக் கிளை ஹிந்துஸ்தான் லீவரோடு சேர்ந்தது. பாதரசம் அயல்நாட்டிலிருந்து வந்தது. ஆன தெர்மாமீட்டர்கள் பெரும்பாலும் அயல்நாட்டுக்கே போயின. நம்மிடம் தங்கியவை கூலியும், மிஞ்சிய பாதரசமும். தொழிற்சாலை நின்ற மேட்டின் சரிவில் பாம்பார் சோலை தொடங்குகிறது. அந்தச் சோலையில் ஊறும் நீர் கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, வைகைப் பாசன நாட்டுக்குள் புகுகிறது. ஏழாயிரம் அடி உயரத்திலுள்ள ஊரின் விஷயம் சமவெளியிலிருப்போரைத் தொடாது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இனி கணக்கைப் பார்ப்போம். பாதரசம் ஒரு மூலப்பொருள். அது வேகாது, அழுகாது, தேயாது. ஒரு கிலோ உள்ளே வந்தால் ஒரு கிலோவும் எங்கேயோ இருந்தாக வேண்டும்: விற்ற தெர்மாமீட்டரில், கிடங்கு இருப்பில், குப்பையில், கழிவு நீரில், மண்ணில், காற்றில், அல்லது வேலையாட்களின் உடலில். வரவை ஒரு பக்கமும் செலவையும் இருப்பையும் மறு பக்கமும் எழுதினால், துண்டு விழுவது எவ்வளவென்று நெல் மண்டிக் கணக்கப்பிள்ளை ஒரு மாலைப்பொழுதில் சொல்லிவிடுவான். நம்முடைய கிராமக் கர்ணம், சர்வே நம்பர் ஒன்றுவிடாமல் எந்த வயலில் எந்தப் பயிர் என்று அடங்கலில் ஏற்றினான். புறம்போக்கில் நிற்கும் புளியமரத்துக்குக்கூடப் பட்டா உண்டு. கர்ணம் உத்தியோகம் 1980ல் ஒழிந்தும் அடங்கல் ஒழியவில்லை. புளியமரத்தைக் கணக்கிலேற்றத் தெரிந்த ஒரு சர்க்கார், டன் கணக்கில் மலையேறிய ஒரு விஷத்தைக் கணக்கிலேற்ற மறந்தது எவ்வாறு?

சட்டமே இல்லை என்று சொல்வதற்கில்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் 1992ல் சேர்ந்த 14ஆம் விதியின்படி, வாரியத்தின் அனுமதி பெற்று நடக்கும் தொழிற்சாலை ஒவ்வொன்றும் வருஷந்தோறும் செப்டம்பர் 30ந் தேதிக்குள் ஐந்தாம் நம்பர் பாரத்தில் ஒரு அறிக்கை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கச்சாப்பொருள், ஒரு உருப்படிக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு கழிவு என்ற கலங்களெல்லாம் அதில் உண்டு. எழுதியவர் புத்திசாலிதான். ஆனால் கலங்களை நிரப்புகிறவர் தொழிற்சாலைக்காரர். வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டுமென்று அந்த விதி சொல்லவில்லை. ஊரார் பார்வைக்கு வைக்க வேண்டுமென்றும் சொல்லவில்லை. தன் வீட்டுக் கணக்கைத் தானே எழுதித் தானே ஒப்பமிட்டுக் கச்சேரியில் சேர்த்துவிட்டால் காரியம் முடிந்தது.

பணக் கணக்கின் கதை வேறு விதம். பட்டயக் கணக்கர்களின் சபை 2003ல் பிரசுரித்து 2004 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 29ஆம் நம்பர் கணக்கு நியமமும், பெரிய கம்பெனிகளுக்கு 2016 முதல் வந்த புதிய நியமமும், பின்னால் வரக்கூடிய பொறுப்புக்களை மூன்றாகப் பிரிக்கின்றன. கடமை உண்டாகிவிட்டது, பணம் கொடுக்க நேரும், தொகையையும் நம்பத்தக்க விதமாக மதிக்கலாம் என்றால் ஐந்தொகையில் எழுத வேண்டும். நேரலாம், நேராமலும் போகலாம் என்றால் அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். நேர்வது வெகு தூரம் என்றால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. நியமம் என்ற முறையில் இதில் குற்றங்காண்பது கடினம். நடைமுறையிலோ, சுத்தம் செய்யும் கடமை எவ்வளவு என்பது வாரியம் இடும் உத்தரவைப் பொறுத்தது. வாரியத்தின் உத்தரவு நிபுணர்களின் மதிப்பீட்டைப் பொறுத்தது. அந்த மதிப்பீடு, கம்பெனியார் கொடுத்த விவரங்களையும் ஆகும் செலவையும் பார்க்காமல் செய்யப்படுவதில்லை. உத்தரவு வரும் வரையில் தொகை தெரியாது என்கிறார் கணக்கர். தொகை தெரியாமல் எவ்வாறு உத்தரவிடுவது என்கிறார் அதிகாரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில் பல மழைக்காலங்கள் கழிந்துவிட்டன.

கொடைக்கானல் மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்ற அளவை வாரியத்தார் ஏற்றனர். நாகபுரியிலுள்ள தேசீயச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு அதற்கு ஆதாரம். இன்னும் ஆழமாகத் தோண்டினால் மரங்கள் போகும், மண் சரியும் என்பதும் ஒரு நியாயம். எதிர்த்தவர்களோ, கம்பெனியின் தாயகமாகிய பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவு பேசப்படுகையில் நமக்கு மட்டும் இருபது ஏன் என்று கேட்டனர். விஞ்ஞானிகள் இதைத் தீர்த்துவைக்கட்டும். நாம் கேட்பது வேறு. இருபது என்றால் கம்பெனிக்கு என்ன செலவு, பத்து என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன? மிஞ்சும் பாதரசத்தால் பாம்பார் நீரைக் குடிப்போருக்கும் சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் வரும் செலவு என்ன? இந்த இரண்டு பத்திகளையும் பக்கம் பக்கமாக வைத்து, வெளியார் ஒருவர் தணிக்கை செய்த ஒரு தாள் ஜனங்கள் முன் வைக்கப்பட்டிருக்குமானால் விவாதம் வேறு தரத்தில் நடந்திருக்கும். எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது என்று கணக்கர் சொல்ல முடியாது. எந்த எண்ணின் சுமை யார் தலையில் ஏறும் என்று அவர்தான் சொல்ல முடியும்.

இன்னும் இரண்டு நுட்பங்கள் உண்டு. தூர காலத்துச் செலவை இன்றைய மதிப்புக்குச் சுருக்கி எழுதுவது புதிய கணக்கு நியமத்தின் வழக்கம். இருபத்தைந்து வருஷங்களுக்குப் பின் செலவாகும் 100 ரூபாய், வட்டி 8 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டால், இன்றைய ஏட்டில் 15 ரூபாய்க்கும் குறைவாகவே நிற்கும். ஏட்டில் பணம் சுருங்கலாம். மண்ணிலுள்ள பாதரசம் இருபத்தைந்து வருஷத்தில் ஒரு குன்றிமணியும் சுருங்காது. மற்றொன்று, முக்கியமான தொகை என்ற அளவுகோல். 2023-24ல் சுமார் 60,000 கோடி ரூபாய் விற்றுமுதல் கண்ட ஒரு கம்பெனியின் ஏட்டில், மலைச்சரிவு ஒன்றைக் கழுவும் செலவு பங்குதாரர் கண்ணுக்குத் தெரியாத தூசி. கொடைக்கானல்வாசிக்கு அதுவே ஊர். எவர் கண்ணுக்கு முக்கியம் என்ற கேள்வியைக் கணக்கு நியமம் பங்குதாரரை நினைத்தே எழுதியிருக்கிறது.

தொழிலாளர் விஷயத்திலும் இதுவே கண்டோம். முன்னாள் தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நீதிமன்றம் 2007ல் நியமித்த நிபுணர் குழு, நோய்களுக்கும் பாதரசத்துக்கும் சம்பந்தம் காட்டப் போதிய ஆதாரமில்லை என்றது. 2011ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தாக்கல் செய்த அறிக்கை, தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர் என்று கூறிற்று. தீங்கு நிரூபணமாகவில்லை என்பதே கம்பெனியாரின் வாதம். முடிவில் 2016 மார்ச்சு மாதம் 591 தொழிலாளர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் சமாதானம் ஏற்பட்டது. மனிதாபிமான உதவியென்று பணம் கொடுக்கப்பட்டது. எவ்வளவு? அதை வெளியிடவில்லை. சமாதானம் ஏற்பட்டதில் நமக்கு மகிழ்ச்சியே. பதினைந்து வருஷம் காத்திருந்த ஏழைகள் பணத்தை வாங்கிக்கொண்டதை எவரும் குறைகூறத் துணியார். ஆனால் அடுத்தபடி இம்மாதிரித் தொழிற்சாலைக்கு அனுமதி கொடுக்க உட்காரும் அதிகாரிக்கு, ஒரு தொழிலாளியின் உடலில் ஏறிய பாதரசத்துக்கு நாடு போட்ட விலை என்னவென்று எடுத்துப் பார்க்க ஏடு இல்லாமற் போயிற்று.

2003ல் 290 டன் பாதரசக் கழிவு மலையிலிருந்து இறங்கித் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்கே திரும்பிப் போயிற்று. வந்த இடத்துக்கே அது போன காரணத்தால் அந்த நாட்டின் சட்டத்தையும் சிறிது பார்ப்போம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. இரண்டு வருஷத்துக்குள், 1986ல், அமெரிக்கர் ஒரு சட்டம் செய்தனர். அதன்படி குறிப்பிட்ட விஷப் பொருள்களை ஆளும் தொழிற்சாலை ஒவ்வொன்றும், எந்த ஊரில் எவ்வளவை வெளியே விட்டது என்று வருஷந்தோறும் எழுதிக்கொடுக்க வேண்டும். சர்க்கார் அதை எல்லோர் பார்வைக்கும் பிரசுரிக்க வேண்டும். 1987ஆம் வருஷக் கணக்கு 1989ல் வெளிவந்தது. 2000 முதல் ஆண்டுக்குப் பத்து ராத்தல், அதாவது நாலரைக் கிலோ, பாதரசம் உபயோகிக்கும் தொழிற்சாலைகூட அக்கணக்குக்கு உட்பட்டது. அந்தத் தெர்மாமீட்டர் வேலை வாட்டர்டவுனிலேயே நின்றிருக்குமாயின் அவ்வூர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர் அதன் பாதரசக் கணக்கை வீட்டிலிருந்தே படித்திருக்கலாம். செத்தவர்கள் நம்மவர்; கணக்கு கிடைத்தது அவர்களுக்கு!

கணக்கு சாஸ்திர ஆராய்ச்சியாளர்களும் அங்கே சும்மா இருக்கவில்லை. பிளாகோனியர், பாட்டன் என்ற இருவர் 1994ல், போபாலுக்குப் பின் அமெரிக்க ரசாயனக் கம்பெனிகளின் பங்கு விலை எவ்வாறு விழுந்தது என்று ஆராய்ந்து, சுற்றுச்சூழல் விவரங்களை முன்னமே அதிகமாக வெளியிட்டிருந்த கம்பெனிகளின் விலை குறைவாகவே விழுந்தது என்று கண்டனர். அதே வருஷத்தில் மேரி பார்த், மௌரீன் மெக்நிகல்ஸ் என்ற இரு மாதர், விஷம் படிந்த நிலங்களைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ஏட்டில் எழுதப்படாவிட்டாலும் சந்தை அதை மதித்துப் பங்கு விலையில் கழித்துவிடுகிறது என்று காட்டினர். எழுத முடியாது என்று கணக்கர் கைவிரித்த தொகையைச் சந்தை தன் மனத்துக்குள் எழுதிவைத்திருந்தது! பங்குச்சந்தையே தர்ம தேவதை என்று நாம் நினைக்கவில்லை. மதிக்க முடியாது என்ற சாக்கு செல்லாது என்பதற்கு மட்டும் இதைச் சொன்னோம்.

மேல்நாட்டு ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்பாருக்கு, நம் நாட்டிலேயே நடந்ததைச் சொல்கிறோம். குஜராத்தில் தொழிற்சாலைகளின் மாசைத் தணிக்கை செய்ய 1996 முதல் தனி ஆடிட்டர்கள் உண்டு. ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பதும் கூலி கொடுப்பதும் தொழிற்சாலைக்காரர். விளைவு என்னவாகும் என்பது சொல்லாமலே விளங்கும். 2009 முதல் 2011 வரை, எஸ்தர் டப்ளோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிகோலஸ் ரயன் என்னும் நால்வர், குஜராத் வாரியத்தின் சம்மதத்தோடு 473 தொழிற்சாலைகளில் ஒரு பரீட்சை நடத்தினர. ஒரு பாதிக்குப் பழைய முறை. மறு பாதிக்கு ஆடிட்டரைச் சீட்டுக் குலுக்கி நியமித்து, கூலியைப் பொது நிதியிலிருந்து கொடுத்து, அவர் எழுதியதை மறுபடி ஒருவர் அளந்து பார்த்தார். புதிய முறையில், வரம்பு மீறிய மாசை வரம்புக்குள் இருப்பதாகப் பொய் எழுதுவது 80 சதவிகிதம் குறைந்தது. அதனினும் பெரிது, புகையும் கழிவுமே குறைந்தன. 2015ல் குஜராத் வாரியம் ஆடிட்டர்களைக் குலுக்கி நியமிக்கும்படி தன் விதியை மாற்றிக்கொண்டது. ஆராய்ச்சி ஏட்டிலிருந்து சர்க்கார் உத்தரவுக்கு ஒரு உண்மை நடந்துபோனதற்கு இதைவிட நேரான உதாரணம் நமக்குத் தெரியவில்லை. ஆடிட்டர் கெட்டவர் என்று ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அதே மனிதர், கூலி கொடுப்பவர் மாறியதும் உண்மை எழுதினார்.

இந்த வித்தை தமிழனுக்குப் புதிதா? தஞ்சாவூரில் 1892ல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, லண்டனில் கணக்கர் பரீட்சை தேறிப் பம்பாயில் ஆடிட்டராயிருந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா ஸர்வகலாசாலையில் இந்தியாவின் பொதுநிதியை ஆராய்ந்தவர், ஏடு சொல்லும் தரித்திரத்தின் காரணத்தைக் கண்டபின் கோட்டைக் கழற்றிவிட்டுக் காந்தியடிகளிடம் போனார். குஜராத்தில் மாதர் தாலூகாவில் வீடுவீடாக வரவு செலவு எடுத்து, அந்த ஜனங்கள் வரி கொடுக்கச் சக்தியற்றவர் என்பதை அன்னிய சர்க்காரின் முகத்தெதிரே எண்களால் நிறுத்தினார். 1931ல் காங்கிரஸ் அமைத்த கடன் விசாரணைக் குழுவில் இருந்து, எது இந்தியாவின் கடன், எது பிரிட்டிஷார் தங்கள் யுத்தங்களுக்காக நம் பேரேட்டில் எழுதிய கடன் என்று பிரித்துப் பார்த்தார். கடைசி வருஷங்களை மதுரை ஜில்லா கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் கழித்து 1960ல் காலமானார். அவர் இருந்திருந்தால், பாம்பார்ச் சோலையின் பேரில் எழுதப்பட்ட கடன் எவருடையது என்ற கேள்வியை விட்டிருக்கமாட்டார்.

இன்று அந்த வேலையைச் செய்யக் கலாசாலைகள் இல்லையா? கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரஸா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அடிவாரத்தில் காந்திகிராமம், அப்பால் மதுரையில் காமராசர் பல்கலைக்கழகம். வணிகவியல் மாணவர்கள் சோப்பு வாங்குவோரின் மனத்திருப்தியைப் பற்றி ஆய்வேடு எழுதுவதை நாம் தடுக்கவில்லை. சோப்பு விற்போருக்கு அது பிரயோஜனப்படலாம். ஒரு மாணவியாவது தன் ஊர்த் தொழிற்சாலையின் ஐந்தாம் நம்பர் பாரத்தை, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கி, அதே கம்பெனியின் ஐந்தொகையோடு வைத்துப் பார்ப்பாளாயின் அது நாட்டுத் தொண்டாகும்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. பங்குச் சந்தையிலுள்ள முதல் ஆயிரம் கம்பெனிகள் 2022-23 முதல் தங்கள் நீர், கழிவு, புகைக் கணக்கை வருஷ அறிக்கையில் வெளியிட வேண்டுமென்று செபி விதித்திருப்பது நல்ல காரியம். ஆனால் அது கம்பெனி முழுவதுக்கும் கூட்டிய தொகை. மலையோடை ஒன்றில் இறங்கிய விஷம் பம்பாயில் அச்சாகும் மொத்தத்தில் கரைந்துபோகும். கணக்கு தொழிற்சாலைவாரியாக, ஊர்ப்பெயரோடு, கிலோவில் வர வேண்டும். புதிய ஆடிட்டர்களைக் குலுக்கி நியமிப்பதோடு நில்லாமல், அவர்கள் கூலி தொழிற்சாலைக்காரர் கையிலிருந்து நேரே வராமல் பொது நிதி வழியாக வரவேண்டும். அவர்கள் அறிக்கை அந்தந்த ஊர்ப் பஞ்சாயத்திலும் நகரசபையிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். இவற்றுக்குச் சட்டசபையில் புதிய மசோதாகூட வேண்டியதில்லை, உத்தரவுகள் போதும்.

கொடைக்கானலின் பாக்கியோ தமிழ்நாட்டுச் சர்க்காரிடமே இருக்கிறது. 1983 முதல் அங்கே வந்த பாதரசம், தெர்மாமீட்டராகப் போனது, 2003ல் கப்பலேறியது, மண்ணிலிருந்து எடுத்தது, இன்னும் மண்ணில் கிடப்பது என்று ஒரு தாளில் எழுதி, துண்டு விழுவதையும் ஒளிக்காமல் அவர்கள் பிரசுரிக்கட்டும். முதல் வரிக்கு அதிக சிரமமில்லை. நம் தேசத்தில் பாதரசச் சுரங்கம் கிடையாது. வந்ததெல்லாம் துறைமுகம் வழியாக வந்தது. சுங்க இலாகாவின் தஸ்தாவேஜுகளில் அந்த எடை எழுதப்பட்டிருக்க வேண்டும். தேடி எடுக்க ஒரு குமாஸ்தாவும் ஒரு மாத அவகாசமும் போதும்.